கூட்டம் முடிந்த பிறகு தொடங்கியது

பகல் பதினொன்றே முக்கால். எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதி நிமிர்ந்தபோது என் கண்ணில் முதலில் பட்டவை என் விரல்கள். நகம்வரை கார்பன் நீலம். பிற்பகல் இரண்டரை மணிக்குத் தொடங்க வேண்டிய எம்.எல்.ஏ. கூட்டத்தை நான் அப்போதே நடத்தி முடித்திருந்தேன்.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஃபேக்ஸ் கிடையாது. செய்தியை வெள்ளைத்தாளில் எழுதி, கவரில் போட்டு, மூன்று பத்துக்குப் புறப்படும் தஞ்சாவூர் பேருந்தின் நடத்துநரிடம் கொடுத்துவிட வேண்டும். தஞ்சையில் அலுவலக ஆள் வந்து வாங்கிக்கொள்வார். அந்தப் பேருந்தைத் தவறவிட்ட செய்தி மறுநாள் பழைய செய்தி.

ஊரில் நாங்கள் நான்கு பேப்பர்காரர்கள். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒருவர் எழுதுவார்; கீழே மூன்று கார்பன் தாள்கள். நான்கு பேப்பரிலும் ஒரே கூட்டம், ஒரே கரவொலி. (வாசகர்கள் நான்கையும் வாங்க மாட்டார்கள் என்ற துணிச்சல்தான்.) எந்தத் தலைவரும் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வருவார் என்பதால், பேருந்துக்குப் பயந்து கூட்டத்தை முன்கூட்டியே எழுதிவிடுவதும் வழக்கமாகியிருந்தது. அன்று என் முறை.

அன்றைய நிகழ்ச்சி இதுதான். சட்டசபைக் கூட்டத்தொடர் முடிந்து ஊர் திரும்பும் எம்.எல்.ஏ., மழைக்காலக் காய்ச்சலுக்கான முன்னெச்சரிக்கைகளையும் புதிதாக வந்த சட்டங்களையும் மக்களிடம் விளக்குவார். பிறகு எங்கள் தெருவில் வீடு வீடாகப் பார்வையிடுவார். என்னை முழுநேர நிருபராக எடுப்பதா வேண்டாமா என்று அலுவலகம் அந்த வாரம்தான் முடிவு செய்ய இருந்தது. செய்தி ஆசிரியர் போனில், "அந்தக் கூட்டத்தை எப்படிக் குடுக்குறீங்கன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றிருந்தார்.

அதனால் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்தேன். 'தெருவில் ஒரு வீட்டிலும் கொசுப்புழு இல்லாதது கண்டு எம்.எல்.ஏ. பெரிதும் மகிழ்ந்தார். குறிப்பாக ஒரு வீட்டின் தூய்மையை வெகுவாகப் பாராட்டினார்.' அந்த ஒரு வீடு எங்கள் வீடு. இரண்டு நாளாக அம்மா தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவன் என்ற முறையில் அதை எழுத எனக்கு உரிமை இருப்பதாக நினைத்தேன்.

கார்பன் பிரதிகளை எங்கள் நால்வரில் ஒருவரான கூத்தாநல்லூர்க்கார சலீம் வாங்கிக்கொண்டார். மற்ற இருவருக்கும் சேர்த்து அவரே மூன்று கவர் போட்டு, மதியமே நிலையத்துக்கு வந்து நிற்கும் அந்தப் பேருந்தில் கொடுத்தார். என் கவரை நான் தனியாக நடத்துநரிடம் கொடுத்தேன்.

"கூட்டத்துக்கு வர்றீங்களா பாய்?" என்று கேட்டேன்.

"எதுக்கு? நல்லபடியா நடந்து முடிஞ்சிருச்சே" என்றார்.

என் தெரு என்பதால் நான் மட்டும் போனேன். இரண்டு இருபத்தெட்டுக்கு எம்.எல்.ஏ.வின் பழைய அம்பாசிடர் வந்து நின்றது. சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே.

ரூபவதி அம்மாள் அரசியலுக்கு வருவதற்கு முன் இருபது வருடம் அரசு மருத்துவமனையில் நர்ஸ். லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பம், அப்பா தச்சர். தொகுதியில் யாரும் அவரை எம்.எல்.ஏ. என்று சொன்னதில்லை, சிஸ்டர்தான். மாலையை வாங்கி மேசையில் வைத்தார். கையில் ஒரு கண்ணாடி பாட்டில். உள்ளே கலங்கிய தண்ணீரில் ஏதோ நெளிந்தது.

"சட்டசபையில எதிர்க்கட்சி எனக்கு எதிர் வரிசையில உக்காந்திருக்கும். இங்க இந்த பாட்டில்ல இருக்கு" என்று தொடங்கினார். "குடிக்கிற தண்ணியக் கொதிக்க வச்சு ஆறவச்சுக் குடிங்க. வாரம் ஒரு நாள் தொட்டி, குடம் எல்லாத்தையும் கவுத்துக் காயவைங்க. இது நான் நர்ஸா இருந்தப்பவும் சொன்னதுதான். இப்ப சட்டமும் சொல்லுது. வீட்டுல கொசு வளர்ற மாதிரி தண்ணி தேங்கவிட்டா நோட்டீஸ் வரும். ஏழு நாள்ல சரிபண்ணலன்னா அபராதம். இந்தச் சட்டத்துக்குக் கை தூக்குனதுல நானும் ஒருத்தி. அதனால திட்டணும்னா என்னையும் சேத்துத் திட்டுங்க."

பின்வரிசையில் ஒரு கிழவர், "பஞ்சாயத்து சாக்கடைக்கும் நோட்டீஸ் உண்டா சிஸ்டர்?" என்றார்.

"அதத்தான் நானும் சபையில கேட்டேன். பதில் எழுத்துல தர்றேன்னாங்க. வந்ததும் இதே எடத்துல படிச்சுக் காட்டுறேன்."

பொது இடத்தில் புகைபிடிப்பது பற்றிய புதிய விதியையும் சொன்னார். மேடை ஓரத்தில் அவர் கட்சியின் நகரச் செயலாளர் பீடியைச் செருப்பின் அடியில் தேய்த்தார். பதினெட்டு நிமிடம் பேசினார். நான் எழுதி அனுப்பிய உரையில் இருந்த 'பொன்னான வாய்ப்பு', 'வரலாற்றுச் சிறப்பு' எதுவும் அதில் வரவில்லை. நான் அதற்குப் பிறகு கேட்ட நூற்றுக்கணக்கான உரைகளில் அவ்வளவு தெளிவானது குறைவு.

எங்கள் வீடு தெருவில் ஐந்தாவது. அம்மா வாசலில் பட்டுப்புடவையில் நின்றாள். தொட்டி பளிச். குடங்கள் கவிழ்ந்திருந்தன. சிஸ்டர் எட்டிப் பார்த்து, "நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்றார். நான் எழுதியது நடந்தேவிட்டது. தீர்க்கதரிசி என்று என்னை நானே மெச்சிக்கொண்ட நேரம் ஏறக்குறைய நாற்பது விநாடி.

கூடத்தில் ஃப்ரிட்ஜ் இருந்தது. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் அண்ணன், லீவில் வந்தபோது தஞ்சாவூரில் வாங்கியது. தெருவிலிருந்தே தெரியும்படி வாசலுக்கு நேராக வைத்திருந்தோம். உள்ளே தண்ணீர் பாட்டில்கள், ஒரு முழம் மல்லிகை. மேலே பூப்போட்ட துணி. சிஸ்டர் அதன் பின்பக்கம் குனிந்தார்.

"யாராவது டார்ச் குடுங்க."

"அது ஃப்ரிட்ஜுங்க சிஸ்டர்" என்றாள் அம்மா பெருமையாக. "ஐஸ் பெட்டி. அதுல எப்படிங்க கொசு வரும்? வெறச்சில்ல போயிரும்."

"முன்னாடிதாம்மா ஐஸ். பின்னாடி தண்ணி சொட்டுற தட்டு ஒண்ணு இருக்கு. அது வெதுவெதுன்னு இருக்கும்."

தட்டை உருவி வெளிச்சத்தில் வைத்தார். மேடையில் இருந்தது ஒரு பாட்டில் எதிர்க்கட்சி. எங்கள் வீட்டில் இருந்தது அறுதிப் பெரும்பான்மை.

உடன் வந்திருந்த சுகாதார ஆய்வாளர் புதிய நோட்டீஸ் புத்தகத்தைத் திறந்தார். அட்டை அப்போதுதான் முதன்முறையாக மடங்கியது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்பா காலமாகிவிட்டார், அண்ணன் கடல் கடந்து இருக்கிறான். வீட்டுப் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினார். எண் 1.

மணி மூன்று இருபது. பேருந்து போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

"என்ன தம்பி, மொகம் இப்படிப் போயிருச்சு? ஒரு நோட்டீஸுக்கா?" என்றார் சிஸ்டர்.

சொல்லிவிட்டேன். நான்கு பேப்பர், கார்பன், கவர், எல்லாம். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நான் என்ன பேசுனதா எழுதிருக்கீங்க?"

மனப்பாடமாகச் சொன்னேன்.

"நல்லாத்தான் பேசிருக்கேன்" என்றார். பிறகு, "கார்ல ஏறுங்க."

குறுவை அறுவடைக் காலம். தஞ்சாவூர் ரோட்டில் பாதியை மறித்து நெல் காய்ந்துகொண்டிருந்தது. எதிரே வரும் வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி மூன்று பத்து பேருந்து ஊர்ந்துகொண்டிருந்ததை வடுவூருக்கு முன்பே பிடித்துவிட்டோம். நான் பின்படியிலும் சிஸ்டர் முன்படியிலும் ஏறினோம்.

நடத்துநர் என் கவரை எடுத்துக் கொடுத்தார். மற்ற மூன்றையும் காக்கிப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார்.

"அதுவும் நான் எழுதுனதுதாங்க" என்றேன்.

"எழுதுனது நீங்களா இருக்கலாம். குடுத்தது சலீம் பாய். அவரு வந்து கேட்டாத் தருவேன்."

நான் சிஸ்டரைப் பார்த்தேன். தொகுதியின் எம்.எல்.ஏ.; ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"அவரு சொல்றதுதான் சரி" என்றார் சிஸ்டர். "ஒருத்தர் நம்பிக் குடுத்ததை இன்னொருத்தர் கேட்டு வாங்கக் கூடாது. நம்ம கையில இருக்குற கவரச் சரிபண்ணுங்க."

ஏறியதை வீணாக்க அவருக்கு மனமில்லை. பயணிகள் பக்கம் திரும்பினார். "யாரு வீட்லல்லாம் ஃப்ரிட்ஜ் இருக்கு?" நான்கு கைகள் தயங்கி உயர்ந்தன. "பின்னாடி ஒரு தட்டு இருக்கும். போனதும் உருவிப் பாருங்க. இப்பத்தான் ஒரு வீட்டுல பாத்துட்டு வர்றேன். யாரு வீடுன்னு சொல்ல மாட்டேன்."

பேருந்து முழுவதும் என்னைப் பார்த்தது. வெளுத்த முகத்தோடு கவரைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான் ஒருவன்தான்.

பின்னால் வந்த காருக்குத் திரும்ப இறங்கும் முன் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் தம்பி. எழுதுறது ஒங்க வேல."

தஞ்சாவூர்வரை மடியில் வைத்து எழுதினேன். முதலில் 'ஒரு வீட்டில்' என்று எழுதினேன். அடித்தேன். 'பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு வீட்டில்' என்று எழுதினேன். (வீட்டுக்கு என்ன விருப்பம்?) அதையும் அடித்தேன். பேருந்து பெரிய கோயில் கோபுரம் தெரியும் திருப்பத்துக்கு வந்தபோது, 'இந்தச் செய்தியாளரின் வீட்டில்' என்று எழுதிக் கவரை ஒட்டினேன். முழுநேர வேலைக்கான வழியையும் அதோடு சேர்த்து ஒட்டி மூடிவிட்டதாகவே நினைத்தேன்.

மறுநாள் காலை எஸ்.டி.டி. பூத்துக்கு அழைப்பு வந்தது. செய்தி ஆசிரியர்.

"மத்த மூணு பேப்பர்லயும் தெருவுல ஒரு புழுகூட இல்லன்னு வந்திருக்கு. நம்ம பேப்பர்ல மட்டும் தட்டு நெறய இருக்கு. மூணு பேரு பாத்தது தப்பா, நீங்க ஒருத்தர் பாத்தது தப்பா?"

"அவங்க பாக்கல சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"அத எழுதுனது நான்தான் சார்."

"ரெண்டையும் நீங்களா எழுதுனீங்க?"

"ஆமா சார். மொதல்ல நடக்காததை எழுதுனேன். அப்புறம் நடந்துச்சு."

"ஆதாரம் இருக்கா?"

நோட்டீஸைக் கவரில் போட்டு அன்றைய மூன்று பத்து பேருந்தில் அனுப்பினேன். நடத்துநர் வாங்கும்போது, "இது நிச்சயமாப் போகட்டுமா?" என்று கேட்டார்.

சலீம் பாய் ஒரு வாரம் என்னோடு டீ குடிக்கவில்லை. "ஒரு தெருவுக்கு ரெண்டு நியூஸா எழுதுவ?" என்பது அவர் கட்சி. கார்பன் ஏற்பாடு அத்தோடு நின்றது. அம்மா என்னோடு பேசாதது பத்து நாள். தொட்டியைப் பற்றி ஒரு வரி எழுதாமல் தட்டைப் பற்றி ஆறு வரி எழுதியதை அவளால் தாங்க முடியவில்லை.

சரியாக ஏழாம் நாள், அதே நேரத்துக்கு, சிஸ்டர் வந்தார். கொடி இல்லை, மாலை இல்லை. கையில் அவருடைய சொந்த டார்ச். தட்டை உருவினார், விரலால் தடவிப் பார்த்தார், காய்ந்திருந்தது. அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். சாக்கடைக்கான எழுத்துப் பதில் மூன்று மாதம் கழித்து வந்தது. சொன்னபடி அதே இடத்தில், அந்தக் கிழவரை முன்வரிசையில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினார். பதில் சிஸ்டருக்குச் சாதகமாக இல்லை. அதையும் முழுவதுமாகப் படித்தார்.

எங்கள் வீட்டில் இன்றும் யாராவது ஒரு நல்ல செய்தியோடு உள்ளே வந்தால், அம்மா முதலில் கேட்பது, "நடந்துச்சா, இனிமேத்தானா?" என்றுதான். என் மகள் தேர்வில் தேறிய அன்றும் கேட்டாள். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து போனில், விமானத்தில் ஏறிவிட்டேன் என்று சொன்னபோதும் கேட்டாள்.

நோட்டீஸ் திரும்பி வரவில்லை. ஓய்வு பெற்ற நாளில் அலுவலகத்தில் என் பணிக்கோப்பைக் காட்டினார்கள். முதல் தாள், முழுநேர நிருபராக என்னை நியமித்த கடிதம். இரண்டாவது தாள், சுகாதாரத் துறை நோட்டீஸ், எண் 1.