சாய்தளம் போட்டவரும் "சரி" சொல்லாதவரும்

மனிதர்களில், "சரி" என்று வாய்விட்டுச் சொன்னால் நாக்கு வெந்துவிடும் என்று நம்புகிற ஓர் இனம் இருக்கிறது. எங்கள் வெர்மான்ட் மாநிலத்தில் எந்தச் சிற்றூரிலும் அந்த இனத்தில் ஒருவராவது கிடைப்பார். ஊராட்சி வக்கீல் என்று அவருக்குப் பெயர். எங்கள் ஊருக்கு வாய்த்தவர் ஆல்டன் ப்ரூயிட். அவர் சொல்வதையெல்லாம் பத்தொன்பது வருஷமாகக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிவரும் ஊராட்சி எழுத்தர் நான். கை வலித்ததுதான் மிச்சம். இதுவரை அவர் என்ன சொன்னார் என்று கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியாது.

அவரிடம் ஏதாவது கேட்டுப் பாருங்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கழுத்து டையின் நுனியால் துடைத்து, கூரையை ஒருதரம் அண்ணாந்து பார்த்து, கேள்வி நல்ல கேள்வி என்று உங்களுக்கே ஒரு பாராட்டு வழங்கி, ஆனால் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன என்று பிரித்து, மூன்றாவதற்கு வரும்போது முதலாவது என்னவென்று உங்களுக்கே மறந்துபோகும்படி செய்துவிடுவார். பிறகு, எழுத்தில் கருத்துத் தருகிறேன் என்பார். தருவார். பதினொரு பக்கம்.

எங்கள் ஊராட்சி மன்றத்தில் உறுப்பினர்கள் மூன்றே பேர். அதில் இரண்டு பேர் சேர்ந்து ஊர்க் காரியம் பேசினால் அது கூட்டம், கூட்டம் என்றால் முன்கூட்டியே அறிவிப்பு ஒட்டவேண்டும். சட்டம் அவ்வளவுதான். ஆல்டனுக்கு அவ்வளவு போதாதா? மாதா கோயில் விருந்தில் தலைவர் மெர்ல் கோக்கியும் இன்னொரு உறுப்பினரும் பீன்ஸ் சட்டியின் முன்னால் தட்டோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, இருவருக்கும் நடுவில் வந்து நுழைந்துகொண்டார்.

"ரோட்டப் பத்தி ஒண்ணும் பேசலியே?" என்று கேட்டார்.

"பீன்ஸுல உப்புப் பத்தலன்னு பேசினோம். அதுக்கும் நோட்டீஸ் ஒட்டணுமாப்பா?" என்றார் மெர்ல்.

ஆல்டன் யோசித்தார். அதுதான் கொடுமை. நிஜமாகவே யோசித்தார்.

மனுஷர் கெட்டவர் இல்லை. பனிக்காலத்தில் பக்கத்து வீட்டு வாசல் பனியையும் சேர்த்து அள்ளிவிடுகிறவர். அவருக்கு முன்னால் இருந்த வக்கீல், ஒரு மதகு விஷயத்தில் "சரி, செய்யுங்க" என்று சொல்லப்போய், ஊரே நாலு வருஷம் கோர்ட்டு வாசலில் கிடந்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். எங்கள் பூனை சமையல்கட்டையே பூட்டிவிட்டது.

போன வருஷம் ஓரின் தேபோ ஒரு மனு கொடுத்தார். தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் மனைவி கோராவுக்குக் கால் விழுந்து சக்கர நாற்காலி வந்துவிட்டது. நூலகத்துக்கு ஏழு படி. பக்கவாசலில் ஒரு மரச் சாய்தளம் போட்டுக்கொள்கிறேன், பலகை என்னுடையது, உழைப்பு என்னுடையது, அனுமதி மட்டும் கொடுங்கள் என்று கேட்டார். அதுவரை புத்தகம் எடுத்துவரும் வேலை ஓரினுக்கு. பாவம், அட்டையில் மீன் படம் போட்டிருந்தால் நல்ல புத்தகம் என்று நினைக்கிறவர் அவர்.

"அலமாரி முன்னாடி போயி, நானா ஒண்ணப் பாத்து எடுக்கணும், அவ்ளோதான். இந்த மனுஷன் கொண்டாந்து குடுத்து, இப்ப எனக்குத் தூண்டில் கட்டவே தெரியும்," என்றார் கோரா என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆல்டனின் கருத்து வந்தது. சாய்தளத்தில் யாராவது வழுக்கி விழுந்தால்? அதில் விழும் பனியை யார் அள்ளுவது? கூலி வாங்காத ஓரின் ஊராட்சியின் வேலையாளா, விருந்தாளியா? அந்த நாலு அடி நிலம் நூலகத்தினுடையதா, ஊருடையதா? அனுமதித்தால் ஆபத்து உண்டு, மறுத்தால் அதைவிட ஆபத்து உண்டு, எதுவும் செய்யாமல் இருப்பதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஆகவே அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கலாம். ஒத்திவைத்தோம். பதினான்கு முறை. பதினான்கையும் நானே என் கையால் எழுதினேன், வெட்கமாக இருக்கிறது.

இந்த வருஷம் மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ஓரினும் தீயணைப்புத் தொண்டர்கள் நாலு பேரும் பலகையோடு வந்தார்கள். பட்டப்பகலில், ஊர் நடுவில், ஆணி அடிக்கும் சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டது. ஆல்டனின் கார் அந்த வழியாகத்தான் வந்தது. நூலகத்தை நெருங்கியதும் வேகம் குறைந்தது. மனிதர் கழுத்தை முழுக்கத் திருப்பி, எதிர்ப்பக்கம் இருந்த மாதா கோயில் கோபுரத்தை, அன்றுதான் கட்டி முடித்ததுபோல, ஆராய்ந்துகொண்டே போனார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கூட்டம். நூலகத்தின் பின்னறையில்தான், பக்கவாசல் கதவை ஒட்டி, எப்போதும் கூடுவோம். மெர்ல் பட்டியலில் விரலை வைத்து, "அடுத்தது, சாய்தளம்," என்றார். எல்லோரும் ஆல்டனைப் பார்த்தோம். கண்ணாடியை அவர் கழற்றவில்லை.

"மெர்ல், இதப் பத்தி என்கிட்ட யாரும் எதுவும் கேக்காதீங்க. கேட்டா நான் பதில் சொல்ல வேண்டி வரும்."

என் பேனா நின்றுவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் "ஆனால்" இல்லாமல் அவர் கொடுத்த முதல் ஆலோசனை அது.

யாரும் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கவாசலுக்கு வெளியே பலகை மேல் சக்கரம் உருளும் சத்தம். கதவு கனமான கதவு. பாதி திறந்து மாட்டிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆல்டன் எழுந்து போய் முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டார். கோரா உள்ளே வந்தார்.

"ரொம்ப நன்றி, ஆல்டன். நீ என்னைப் பாக்கலதான?"

"கதவு காத்துல அடிச்சுக்குது. அதான் பிடிச்சேன்," என்றார் ஆல்டன், முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு.

கோரா அலமாரி அலமாரியாக முக்கால் மணி நேரம் சுற்றினார். குறிப்பேட்டில், விவாதம் எதுவும் இல்லை என்று எழுதினேன். எனக்குக் கண் கலங்கியதை எழுதவில்லை.

நல்லவேளை, நான் அந்த இனம் இல்லை என்று நீங்கள் நிம்மதியாகத் தலையாட்டுவது தெரிகிறது. இருக்கட்டும். உங்கள் மகள் ஒரு விஷயம் கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? வெளியூர் வேலையோ, மனதுக்குப் பிடித்த பையனோ, ஏதோ ஒன்று. "பார்க்கலாம்" என்றீர்கள். மறுபடி கேட்டாள். "அவசரம் என்ன, பார்க்கலாம்" என்றீர்கள்.

இப்போதெல்லாம் அவள் கேட்பதே இல்லை, கவனித்தீர்களா?