பாணுக்கு வந்த இருமல்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் இருமுகிற பானை ஒன்று வந்திருக்கிறதாம். மழைக்காலம், வீட்டுக்கு வீடு சளி. கம்பளையிலிருந்துகூடக் கைக்குழந்தையோடு பஸ் ஏறி வந்தார்கள். பானைச்சாமி குழந்தையைப் பானைக்கு நேரே பிடிக்கச் சொல்வார், கண்ணை மூடி மந்திரம் சொல்வார். பட்டுத்துணி போர்த்திய மேசைமேல் பானை லொக் லொக்கென்று இருமும். குழந்தையின் இருமல் பானைக்குப் போய்விட்டது, இனி வராது. காணிக்கை மட்டும் வழி தவறாமல் சாமியின் மடிக்குப் போகும்.

வடிவம்மாவின் மகளுக்கு இரண்டு மாதம்தான். குறைமாதத்தில் பிறந்தவள். சளி பிடித்தால் தாங்குவாளா என்ற பயத்தில் தாய்க்கு உறக்கமே இல்லை. கிளினிக்கில் தாதி பாயிஸா மிஸ்ஸி விளக்கமாகச் சொல்லியிருந்தார்.

"இந்தச் சளிக்காய்ச்சல் தடுப்பூசி ஆறு மாசம் ஆகாத புள்ளைக்குப் போட ஏலா. புள்ளயத் தூக்குற நீங்க எல்லாரும் போட்டா நோய் புள்ளகிட்ட வர்றது குறையும்."

பிள்ளையை இறக்கிவிடாமல் தூக்கி வைத்திருப்பவர் மாமியார் மூக்காயி. அவர் மசியவில்லை.

"பானை இருக்கப்ப எனக்கு எதுக்கு ஊசி?"

மறுநாள் விடியலிலேயே போய் மூக்காயி வரிசையில் இடம் பிடித்தார். வடிவம்மா பிள்ளையைக் கணவனிடம் விட்டுவிட்டு, பேக்கரியில் சுடச்சுட ஒரு பாண் ரொட்டி வாங்கி, துவாயில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

சாமி கண்ணை மூடியபடியே துவாயைத் தொட்டார். ஞானக்கண்ணுக்குத் துவாய் ஒரு தடையா?

"காய்ச்சல் கொதிக்குதே தாயி. நல்லவேளை கொண்டாந்த."

பானை இருமியது.

"பிள்ளை யார் சாடை சாமி?"

"அப்படியே அப்பன்."

வடிவம்மா துவாயை விலக்கினாள். "அப்பன் பேக்கரியில நிக்கிறாரு சாமி."

கூட்டம் சிரித்தது. சாமி மேசையைக் காலால் தட்டினார். பானை நிறுத்தவில்லை, இன்னும் பலமாக இருமியது. வடிவம்மா அதைத் தூக்கினாள். பானைக்கு அடியே இல்லை. துணியிலும் மேசையிலும் ஓட்டை. ஓட்டைக்குள் சாமியின் மைத்துனர் பொன்னுத்துரை, மூக்கொழுக.

"மச்சான், இது நெசமான இருமல். நாலு நாளாச் சொல்றேன்ல, கேட்டீங்களா?"

சிரிப்பு நின்றது. அந்த ஓட்டைக்கு நேரேதான் எல்லாரும் தங்கள் பிள்ளைகளைப் பிடித்திருந்தார்கள். மூக்காயி முண்டியடித்து வந்து வடிவம்மாவின் தோளைப் பிடித்தார்.

"பிள்ளை எங்கடி?"

"வீட்டுல, அவங்கப்பாகிட்ட. அவரு நேத்தே ஊசி போட்டுட்டாரு அத்தை."

மூக்காயி அங்கேயே சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிளினிக் பக்கம் நடந்தார். பின்னாலேயே பாதி வரிசையும் போனது.

பானையைத் தூக்கிப் பார்க்க ஒரு கை போதும். இத்தனை நாளும் அத்தனை கைகளும் கும்பிட்டுக்கொண்டிருந்தன. பெரியோர்களே, தாய்மார்களே, முதலில் தூக்கிப் பாருங்கள். கும்பிடுவதற்கு என்ன அவசரம்?