லிஃப்ட் பக்கத்து இலக்கியம்

மூன்றாம் மாடி மித்ரா முகம் நிறையச் சோப்பு நுரையோடும் இடுப்பில் துண்டோடும் வந்து பிரணவேஷ் லாஹிரியின் கதவைத் தட்டினார். அவருக்குப் பின்னால் படிக்கட்டில் இன்னும் சிலர் அதே கோலத்தில் நின்றார்கள்.

"லாஹிரி பாபு, தண்ணி எங்க?"

"தொட்டி கழுவறாங்க. மூணு நாளா லிஃப்ட் பக்கத்துல அறிவிப்பு ஒட்டியிருக்கே, பார்க்கலயா?"

"பார்த்தேன். கங்கை வானத்துலேருந்து இறங்கி வந்த கதை. சிவனோட சடை வரைக்கும் படிச்சேன், லிஃப்ட் வந்துடுச்சு."

"நாலாம் பக்கத்துக் கடைசியில நேரம் போட்டிருந்தேனே."

"கண்ணு எரியுது பாபு," என்றார் மித்ரா.

தென் கல்கத்தாவின் அந்தக் குடியிருப்புக்கு லாஹிரி ஒன்பது வருடமாகச் செயலாளர். வேலையில் இருந்த காலத்தில் அவர் எழுதிய குறிப்புகளில் மேலதிகாரிகள் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். கவிதைகளைப் பத்திரிகைகள் படிக்காமலே திருப்பி அனுப்பின. ஆக, அவர் எழுத்துக்கு உலகம் ஒதுக்கிய ஒரே இடம் லிஃப்ட் பக்கத்துச் சுவர். செயலாளர் பதவி போனால் சுவரும் போய்விடும். அடுத்த மாதம் தேர்தல்.

"சுருக்கமா எழுதுங்க, ஒரு வரி போதும்," என்றாள் மனைவி சுலேகா.

அடுத்த வாரம் 'சி' கட்டடத்தில் குழாய் பழுதுபார்க்க ஒரு மணி நேரம் தண்ணீரை நிறுத்த வேண்டியிருந்தது. லாஹிரி வெட்டினார், மறுபடி வெட்டினார். கடைசியில் சுவரில் ஏறியது இதுதான்: "நாளை தண்ணீர் வராது." 'சி' கட்டடமும் ஒரு மணி நேரமும் வெட்டில் போய்விட்டன.

மூன்று கட்டடத்துக்காரர்களும் வாளி, அண்டா, குக்கர், பூ ஜாடி என்று கிடைத்ததிலெல்லாம் பிடித்து வைத்தார்கள். இருட்டுவதற்குள் தொட்டி காலி.

"சொன்ன தேதிக்கு முந்தின நாளே நிறைவேத்திட்டீங்க. அரசாங்கத்துல கூட இந்த வேகம் கிடையாது," என்றார் மித்ரா.

லாஹிரி தலைகுனிந்தபடி குடியிருப்புச் சங்கத் தலைவர் ரமாபதி சிக்தாரிடம் போனார். லாஹிரி செயலாளர் ஆனதிலிருந்து வருடா வருடம் போட்டியின்றித் தேர்வாகிறவர் சிக்தார். கோபிக்கவே இல்லை.

"சுருக்கம் உங்களுக்கு எதுக்கு? உங்க பாணியிலயே எழுதுங்க. விரிவா."

லாஹிரிக்குக் கண் கலங்கியது. கடைசியில் ஒரு ரசிகர்.

விரிவு போதாது, வாசகனைக் கட்டிப்போடவும் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டதும் அதைத் தொடராகவே எழுதினார். முதல் பகுதி இப்படி முடிந்தது: "அடைத்தது மீன் செதில். போட்டவர் யார்? விடை நாளை!"

'நாம் அனைவருமே' என்பதுதான் விடை. பொறுப்புணர்ச்சி பொங்கும் கட்டுரை ஒன்று தயாராக இருந்தது. அதற்கு யாரும் காத்திருக்கவில்லை. செதில் என்றால் இலிஷ் மீன், இலிஷ் என்றால் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் என்று பூர்வீக மேற்கு வங்கத்து வீடுகள் அரை மணியில் தீர்ப்பு எழுதிவிட்டன.

"செதில் நாங்க போட்டோம்னா, நீங்க திங்கற இறாலோட தோலை எங்க தாத்தாவா வந்து போட்டாரு?" என்று எதிர் பால்கனியிலிருந்து கேள்வி பறந்தது. சண்டை மீனிலிருந்து கால்பந்துக்கும், கால்பந்திலிருந்து கல்யாணச் சம்பந்தங்களுக்கும் போனது. ஒரு நிச்சயதார்த்தம் தள்ளிப்போனது.

"நிறையப் பேர் படிச்சிருக்காங்க," என்றார் லாஹிரி, ஜன்னலைச் சாத்திக்கொண்டே.

"படிச்சவங்கதான் கீழ உங்களைத் தேடிட்டிருக்காங்க," என்றாள் சுலேகா. "ஆயுசுல ஒரு தடவை, ஜனங்களுக்கு வேண்டியதை மட்டும் எழுதுங்க. என்ன, எப்ப, எங்க. உங்க இலக்கியத்தை யாரும் கேக்கல."

தேர்தல் கூட்டத்துக்கான அறிவிப்பை லாஹிரி அப்படியே எழுதினார்: "வரும் ஞாயிறு காலை பத்து மணி. தரைத்தளக் கூடம். செயற்குழுத் தேர்தல். எல்லாப் பதவிகளுக்கும் யார் வேண்டுமானாலும் நிற்கலாம்."

கூட்டம் திரண்டால் முதலில் பறப்பது தன் பதவிதான் என்று அவருக்குத் தெரியும். பரவாயில்லை, ஒரு தடவையாவது கடைசிச் சொல் வரை தன்னை யாராவது படிக்கட்டும் என்று துணிந்து, கையெழுத்து வாங்கத் தலைவர் வீட்டுக்குப் போனார்.

படித்ததும் சிக்தாரின் முகம் வெளுத்தது. "இதுல வரலாறு எங்க?"

"இல்ல."

"ஒரு மேற்கோள்?"

"எதுவும் இல்ல. மித்ரா கிட்ட காட்டினேன், நின்ன நிலையில படிச்சு முடிச்சிட்டார்."

"கூடாது லாஹிரி. ஆறு பக்கமா எழுதுங்க. தேதியை நடுவுல எங்கயாவது வைங்க."

லாஹிரிக்கு முதல் முறையாக ரசிகர் மேல் சந்தேகம் வந்தது. "நேராச் சொல்லுங்க. நான் நல்லா எழுதறேனா?"

"எழுத்துங்கறது வந்து... அதுல பல தளங்கள்..."

"கட்டடமே என்னைத் திட்டுது. இத்தனை வருஷமா என்னை ஏன் விடாம வச்சிருக்கீங்க?"

சிக்தார் மின்விசிறியை ஆராய்ந்தார். தேநீர் கொண்டுவந்த அவர் மனைவி அனிமா கோப்பையை லாஹிரியின் கையில் கொடுத்தாள்.

"உங்களுக்கு முன்னாடி இருந்த செயலாளர் எல்லாருக்கும் புரியற மாதிரி எழுதினார், லாஹிரி பாபு. எல்லாரும் கூட்டத்துக்கு வந்தாங்க. அந்த ஒரு வருஷம்தான் இவர் தோத்துப் போனார்."