கோடவுன் மைனஸான வியாழக்கிழமை

எண்பதுகளின் பிற்பகுதியில் நான் எழுதிய டைரியில், ஒரு வியாழக்கிழமைப் பக்கத்தில் பேனாவில் எழுதியது ஒரே வரிதான்: ‘இன்று கோடவுன் மைனஸ்.’ இல்லாத பொருளை எண்ணிச் சொல்வதில், நாங்கள் ‘மைனஸ்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தவருக்கு நிகரானவர் வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் பிறந்ததில்லை.

ஆம்பூரில் ஒரு டேனரியில் நான் டைப்பிஸ்ட், அவர் ஸ்டாக் கிளார்க். முதலாளி கம்ப்யூட்டர் வாங்கி, அவரை மெட்ராஸுக்கு அனுப்பிப் பழகிவரச் செய்தார். திரும்பி வந்ததும் மைனஸ் போட்ட முதல் உத்தரவு: கம்ப்யூட்டர் அறைக்குள் யாரும் செருப்புப் போடக் கூடாது. செருப்புக்குத் தோல் செய்யும் கம்பெனியில் இது சட்டமானது.

வாரவாரம் வந்தது, போனது, மிச்சம் என்று கட்டம் கட்டமாகப் போடுவார். மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் முதல் வாரத்தைக் காட்ட ஒரு பார்முலா. சுண்ணாம்பு, உப்பு என்று ஆரம்பித்தவர், கான்டீன் டீத்தூளுக்கு வந்தார். கடைசியில் கிணற்றையும் விடவில்லை.

“சித்திரை ரெண்டாவது வாரம் கெணறு மைனஸ்.”

கோடவுன் சாவி வைத்திருந்த ரஹீம் பாய், அவரோடு தினமும் ஒரே பெஞ்சில் சாப்பிடுபவர். “தண்ணி இல்லன்னா காலின்னு சொல்லு சார். மைனஸ்னா இன்னா? கெணறு நம்மகிட்ட தண்ணி கேக்குமா?”

“பார்முலா கேக்கும்.”

அந்த வியாழக்கிழமை எருமைத்தோல் மைனஸானது. வந்ததைவிடப் போனது ஜாஸ்தி என்றது திரை.

“வராத தோலு எப்படி பாய் வெளிய போச்சு?” என்றார் முதலாளி.

“தெரியலீங்க.”

மேனேஜர் தலையைச் சொறிந்தார். “திருட்டுப் போயிருந்தா போலீஸுக்குப் போலாம். திருட்டு வந்திருந்தா எங்க போறது?”

உடனே ஒரு விசாரணைக் கமிட்டி உட்கார்ந்தது. வேறு யாருடைய சரக்கோ நம் கோடவுனுக்குள் திருட்டுத்தனமாக நுழைகிறது என்று இரண்டு டீயில் முடிவு செய்தது. சாயங்காலத்துக்குள் ரஹீம் பாய் கணக்குச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சாவியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

அன்று பெஞ்சில் இருவரும் டப்பாவைத் திறக்கவில்லை.

“உன் மெஷின் என் சோத்துல கை வச்சிடுச்சு சார்,” என்றார் ரஹீம் பாய்.

மைனஸ் எழுந்து போய்ப் பார்முலாவைப் போட்டார். எந்த வாரத்தில் முதலில் இறங்கியது என்று பார்த்தார். அது புது ஆர்டர் சரக்கு வெளியே போக ஆரம்பித்த வாரம். அப்படியே வெறுங்காலோடு, சுண்ணாம்புத் தண்ணீர் ஓடும் முற்றத்தைத் தாண்டிக் கோடவுனுக்கு ஓடினார். அங்கே ஒரு ஆள் முழுத்தோலை விரித்து, முதுகு வாட்டத்தில் ஒரே இழுப்பில் இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பாதிக்கும் சைடு என்று பெயர். வரும்போது ஒன்று, போகும்போது இரண்டு. கம்ப்யூட்டரோ இரண்டு சைடையும் இரண்டு எருமையாக எண்ணியிருந்தது.

முதலாளி அறையில் போய் நின்றார். காலில் சுண்ணாம்பு.

“தப்பு என்னுது சார். சைட முழுத்தோலுன்னு ஏத்திட்டேன்.”

“கம்ப்யூட்டர் தப்பு பண்ணுமா?” என்றார் மேனேஜர்.

“அது பண்ணல. நான் பண்ணேன்.”

ரஹீம் பாயின் சாவி தப்பியது. கம்ப்யூட்டர் அறைச் சாவி மேனேஜரிடம் போனது. இனி டீத்தூளுக்குக்கூட ஸ்டாக் கிளார்க் மைனஸ் சொல்லக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. அதை டைப் அடித்தவன் நான்தான்.

சித்திரை இரண்டாவது வாரம் கிணறு வற்றியது. ரஹீம் பாய் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, “சார், கெணறு மைனஸ்,” என்றார்.

மைனஸ் இறந்து பல வருடம் கழித்து, அரக்கோணம் ஸ்டேஷனில் ரஹீம் பாயைப் பார்த்தேன். “சைடுன்னு தனியா எழுதுங்க பாய்னு அவரு மொதல் நாளே சொன்னாரு. நான்தான் மறந்துட்டு, அவரு பாத்து ஏத்துற கோடவுன் சீட்டுல முழுத்தோலுன்னே எழுதிட்டேன்,” என்றார்.

அந்தச் சீட்டுகளை நான் பார்த்ததில்லை. மைனஸ் இதுபற்றி என்னிடம் பேசியதுமில்லை. ரஹீம் பாயின் வார்த்தை ஒன்றுதான் ஆதாரம். சரிபார்க்காத எதையும் நான் டைரியில் ஏற்றுவதில்லை. இதை மட்டும் அந்த ஒரு வரிக்குக் கீழே, பென்சிலில், ஏற்றிவைத்திருக்கிறேன்.