தங்கள் காரில் பொருத்தப்பட்ட டர்போ குறித்து

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம். தங்கள் நலத்தையும், சம்பந்தியம்மாவின் முழங்கால் நலத்தையும், தங்கள் வீட்டுக்கு வாழவந்த என் மகளின் நலத்தையும் அறிய ஆவல். கடைசியாகச் சொன்னவளின் நலம், இந்தக் கடிதத்தைத் தாங்கள் எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆகவே உட்கார்ந்து படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மாப்பிள்ளைக்கு மாற்றல் வந்து தாங்கள் எல்லோரும் ஊர் மாறிப் போனபோது, தங்கள் சின்னக் காரை எங்கள் வீட்டில் விட்டு, வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொன்னீர்கள். அப்படியே செய்து வந்தேன். பிறகு ஒருநாள் போனில், "வண்டி மேட்டுல கொஞ்சம் திணறும். உங்க பையன்கிட்ட சொல்லி என்னன்னு பாக்கச் சொல்லுங்களேன்" என்றீர்கள். தாங்கள் அதைப் பேச்சுக்குச் சொல்லியிருக்கலாம். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்குச் சம்பந்தியின் பேச்சு பேச்சாக வந்து சேர்வதில்லை. உத்தரவாகத்தான் வந்து சேரும். "அவர் வாய்விட்டுக் கேட்டது இது ஒண்ணுதான். குறை வைக்காம செஞ்சு குடுங்க" என்றாள் என் மனைவி. கல்யாணத்தில் வைத்த குறைகளை அவள் இன்னும் மறக்கவில்லை.

என் மகன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். கனமானவற்றை மேலே ஏற்றுவதில் அனுபவம் உள்ளவன் என்று நம்பி ஒப்படைத்தேன். அவன் காரைத் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனான். பட்டறையில் அவரை 'நிதானம்' என்று கூப்பிடுகிறார்கள். வேகமான வண்டிகளைச் செய்கிறவருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது, வண்டி எப்போது தயாராகும் என்று கேட்டால் விளங்கும். நிதானம் பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்ஜின் நல்லாத்தான் இருக்கு சார். மூச்சுதான் பத்தல" என்றார். வெளியேறும் புகை ஒரு சிறு விசிறியைச் சுழற்றும். அது இன்னொரு விசிறியைச் சுழற்றி, இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலைக் கூட்டலாம், பெட்ரோல் கூடினால் இழுவை கூடும். இதற்கு டர்போ என்று பெயர். வீணாகப் போகும் புகையில் நடக்கிறது என்றதும் சிக்கனமான ஏற்பாடாகத் தோன்றியது. இன்சூரன்ஸ் கம்பெனியில் காலமெல்லாம் நசுங்கிய வண்டிகளைப் பார்வையிட்டு, உரிமையாளர் சொல்வதை நம்பாமல் இருந்தே சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வுபெற்ற பின் நம்பத் தொடங்கியதுதான் பிசகு.

அமுக்கிய காற்று சூடாகிறது என்றார்கள், அதைக் குளிரவைக்க ஒரு கூலர் வந்தது, கூலருக்கு இடம் போதாமல் முன் பம்பரில் பாதியை அறுத்தார்கள், இழுவை கூடியதும் கிளச் வழுக்கி இன்ஜின் அலறியதே தவிர வண்டி நின்ற இடத்திலேயே நின்றது, கிளச்சை மாற்றினார்கள், மாற்றிவிட்டு எங்கள் தெருவில் முதல்முறை முழுசாக மிதித்தபோது காற்றுக் குழாய் பிடுங்கிக்கொண்டு வெடித்தது, எதிர்வீட்டுப் பல் டாக்டர் பிடித்திருந்த பல்லை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்தார்.

"என்ன சார் வெடிச்சது?"

"சம்பந்தியோடது."

"ஐயோ, அவருக்கு ஒண்ணும் ஆகலியே?"

"அவர் ஊர்ல இல்ல. அதான் தைரியமா செய்யறோம்."

பிறகு வண்டி மேட்டில் ஏறுகிறதா என்று பார்க்கவேண்டும். எங்கள் பக்கம் மேடே கிடையாது. "அப்போ நேர் ரோட்டுல இழுத்துப் பாத்துரலாம் சார்" என்று நிதானம், ஊருக்கு வெளியே பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டார். இரண்டு வண்டிகள், நானூறு மீட்டர், ஒரே நேர்கோடு. எடை குறைந்தால் வேகம் கூடும் என்று பின்சீட்டைக் கழற்றினார்கள், ஸ்டெப்னியைக் கழற்றினார்கள், இன்னும் எதைக் குறைக்கலாம் என்று யோசித்து, ஓட்டுகிறவரிடம் வந்து நின்றார்கள். என் மகன் அம்மா சமையலில் வளர்ந்தவன். நிதானம் அவனிலும் அகலம். இருவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பா, நீங்கதான் இல்லாத மாதிரியே இருக்கீங்க" என்றான் மகன்.

ஹெல்மெட்டை மாட்டிவிட்டார்கள். என் மனைவி ஜன்னலில் தலையை நீட்டி, "சம்பந்தி வண்டிங்க. கீறல் விழாம ஓட்டுங்க" என்றாள். பச்சை விளக்கு எரிந்தது. பதினாறரை விநாடி. பக்கத்தில் நின்ற பெரிய கார், முடிவில் என் பின்கண்ணாடியில் தெரிந்தது. கீறல் விழவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆனாலும் அது தங்கள் வண்டி. கேட்காமல் அறுத்தது தவறு. டர்போவைக் கழற்றச் சொல்லிவிட்டேன். பம்பரும் பின்சீட்டும் வந்துவிடும். வண்டி மேட்டில் பழையபடி திணறும் என்பதற்கு நான் பொறுப்பு. இனி நான் ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன். கோபம் இருந்தால் என்னிடம் காட்டுங்கள், நாலு வார்த்தை ஏசுங்கள், கேட்டுக்கொள்கிறேன்; என் மகளிடம் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். அவளுக்கு இதில் எதுவும் தெரியாது. கைகூப்பி மன்னிப்புக் கேட்கிறேன்.

மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம்.

இப்படிக்கு,
என்றும் தங்களுக்குக் கட்டுப்பட்ட சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மகள் போன் செய்தாள். பந்தய வீடியோ யார் மூலமோ தங்கள் போனுக்கு ஏற்கெனவே வந்துவிட்டதாம். அறுத்த பம்பரைப் பற்றித் தாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, "உங்கப்பா ரெண்டாவது கியரை ரொம்ப லேட்டாப் போடுறாரும்மா. நானா இருந்தா பதினாறுக்குள்ள முடிச்சிருப்பேன்" என்றீர்களாம். மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் பெறுகிறேன். டர்போ கழற்றப்படமாட்டாது. நேரில் வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம். வரும்போது தாங்கள் ஓட்டுவதற்கு வேறு வண்டி கொண்டுவரவும்.