ஊறப்போட்ட நத்தார்ப் போர்வை

புதுப் பருத்தித் துணியைத் தண்ணீரில் ஊறப்போடாமல் தைக்க உட்காருகிறவள் ஒழுங்கான வீட்டில் வளர்ந்தவளே இல்லை. இது எங்கள் அம்மாவின் சட்டம். கண்டி மலைப்பக்கத்து மடுல்கெல்லவில் எங்கள் வீட்டுக்கு வரும் துணி, சட்டைக்கானாலும் தலையணை உறைக்கானாலும், ஒரு கைப்பிடி உப்போடு முதலில் வாளிக்குள்தான் போகும். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும், போகிற சாயம் இப்போதே போகட்டும் என்பார். நானும் அதை வேதவாக்காக நம்பினேன். அந்த நம்பிக்கைதான் கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் நத்தாரில், அதாவது கிறிஸ்மஸில், என்னைச் சந்தி சிரிக்க வைத்தது.

என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஊரில் இல்லாத பெண்ணா மலையில் இருக்கிறாள் என்று கேட்டுவிட்டு, கல்யாணப் படங்களில்கூடச் சிரிக்காமல் நின்றவர் அவருடைய அம்மா, என் மாமி. பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர் வேறு. (தையலும் சமையலும் தெரியாத பிள்ளைகளை முறைத்தே பழகிய கண்கள்.) அவர் நத்தாருக்குக் கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வாடகை வீட்டில் வந்து தங்கப்போகிறார் என்றதும் வீட்டை இரண்டு தரம் கூட்டிக் கழுவினேன். இந்த ஒரு தடவையில் அவருக்கு என்னைப் பிடிக்காவிட்டால், ஆயுள் முழுக்க நான் ‘அந்தக் கண்டிப் பிள்ளை’தான்.

அந்த நேரம் பார்த்து, கனடாவிலிருக்கும் மச்சாள், அதாவது கணவரின் அக்கா, ஒரு பார்சல் அனுப்பினார். பனிமனிதன், மான், நத்தார் மரம் அச்சிட்ட சிவப்பும் பச்சையும் வெள்ளையுமான துணிகள். கடையிலேயே ஒரே அளவுச் சதுரங்களாக வெட்டி, ஓரத்தைப் பல்லுப்பல்லாகக் கத்தரித்து, ரிப்பனும் கட்டியிருந்தார்கள். இவற்றைப் பொருத்தித் தைத்தால் குயில்ட் என்கிற போர்வை வருமாம். வெட்டுகிற வேலையே இல்லை, கண்டிக் குளிருக்கு உம்முடைய மாமிக்குக் கொடும், ஆள் உருகிவிடுவார் என்று போனில் சொன்னார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், தைத்துவிடலாம் என்றேன். நான் பெரிய தையல்காரி என்று கணவர் ஏற்கெனவே ஊரெல்லாம் அளந்து வைத்திருந்தார். (அதுவரை நான் தைத்திருந்தது ஜன்னல் சீலை மட்டும். அதுவும் நேர்க்கோடு.)

ரிப்பனை அவிழ்த்தேன். அத்தனை சதுரங்களையும் வாளியில் போட்டேன். உப்பும் போட்டேன், ஊறட்டும் என்று போய்ப் படுத்தேன்.

காலையில் பார்த்தால் வாளிக்குள் பீட்ரூட் கறி. பனிமனிதர்கள் எல்லோரும் ரோஸ் நிறமாகியிருந்தார்கள். அதைவிடக் கொடுமை ஓரங்கள். ஒவ்வொரு துண்டும் நாலு பக்கமும் நூல் பிரிந்து, மற்றத் துண்டுகளோடு சிக்கி, எல்லாம் ஒரே உருண்டையாகக் கிடந்தது. ஒரு மானை இழுத்தால் அதன் உற்றார் உறவினரெல்லாம் கூடவே வந்தார்கள். நான் அழுதுகொண்டே கத்தரிக்கோலை எடுத்தேன்.

டிசம்பர் மழைக்குக் கண்டியில் கைக்குட்டைகூடக் காயாது. அடுப்படிக் கொடியில் போட்டேன், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சொருகினேன், கடைசியில் ஈரத்தோடேயே அயன் பண்ணினேன். காய்ந்த பிறகு ஒன்றாவது சதுரமாக இருக்கவேண்டுமே! பெரியதைச் சின்னதுக்குச் சரியாக வெட்டினால், அடுத்தது அதைவிடச் சின்னதாக இருந்தது. இப்படியே வெட்டி வெட்டி, ஒருவழியாக உள்ளே பஞ்சு வைத்துத் தைத்து முடித்தேன். விரித்துப் பார்த்த கணவர், மேசைக்கு அளவாக இருக்கும் என்றார். அன்று அவர் உயிரோடு தப்பியது பெரிய காரியம்.

வேறு போர்வை வாங்கிவிடலாம், இதை ஒளித்துவிடலாம் என்றெல்லாம் யோசித்தேன். அதற்குள் மாமி வந்து இறங்கிவிட்டார். வந்தவுடனேயே குளிர் என்றார். உங்கள் மருமகள் உங்களுக்கென்றே ஒன்று தைத்திருக்கிறாள் என்று கணவர் அந்த அப்பாவி முகத்தோடு போட்டுக்கொடுத்தார்.

மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு போர்வையை மடியில் விரித்தார். பனிமனிதன் ஒருவனை உற்றுப் பார்த்தார். பின்பக்கம் புரட்டி, தையலை விரலால் தடவினார்.

“பிள்ளை, துணியை நனைச்சுப்போட்டோ தைச்சனீர்?”

“ஆமா மாமி. உப்புப் போட்டு ஊற வச்சேன். அதாலதான் இப்படி ஆயிருச்சு.”

“உப்பும் போட்டனீரோ?”

தொலைந்தேன் என்று நினைத்தேன். மாமி போனை எடுத்துக் கனடாவுக்கு அழைத்தார்.

“இந்தப் பிள்ளை முறையா உப்புப் போட்டு நனைச்சிருக்கு. ஒரு நனைவுக்கு நிக்காத துணியை ஆரடி உன்ர தலையில கட்டினது?”

அந்தப் பக்கம் மச்சாள், இப்படி வெட்டி வருகிற துணியை நனைக்கவே கூடாது, உலகத்துக்கே தெரியும் என்று கத்துவது எனக்கே கேட்டது. மாமி அசையவில்லை. நனைக்காமல் தைத்ததைத் தான் மேலில் போடமாட்டேன் என்று சொல்லி போனை வைத்தார். பிறகு காலை நீட்டிப் போர்த்துக்கொண்டார். போர்வை முழங்காலோடு நின்றுவிட்டது. மிச்சத்துக்கு மகனின் சப்பாத்துக் காலுறையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, இரண்டும் சேர்ந்து வந்தது.

இப்போது மாமி வருடா வருடம் நத்தாருக்கு வருகிறார். வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் போர்வையைக் காட்டி, “என்ர மருமகள் தைச்சது, மகள் அனுப்பின துணிதான் சரியில்லை” என்கிறார். போன நத்தாருக்கு மச்சாளே கனடாவிலிருந்து வந்து, அது நல்ல துணி, விலை கூடின துணி என்று எல்லோர் முன்னாலும் கெஞ்சிப் பார்த்தார். மாமி என் பக்கம் திரும்பி, “நீர் சொல்லும் பிள்ளை” என்றார்.

நான் தேத்தண்ணி போட உள்ளே போய்விட்டேன்.