எல்லாக் காலத்துக்குமான பிடித்தம்

மரியாதைக்குரிய ஊழியர் நலக்குழுச் செயலாளர் அவர்களுக்கு, அதாவது என் சொந்தத் தாய்மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள், சலவை ஆலையின் மடிப்புப் பகுதியில் நாலாம் மேஜைக்கு வலது பக்கம் நிற்பவள், பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம் என்று எழுத வேண்டும்; எழுதிவிட்டேன். அங்கே, அதாவது எங்கள் தலைக்கு மேலே பன்னிரண்டு படி ஏறினால் வருகிற கண்ணாடி அறையில், நீங்கள் நலமாக இருப்பது கீழே இருந்து பார்த்தாலே தெரிகிறது. நாற்காலிக்குப் புது மெத்தை போட்டிருக்கிறீர்கள். நிறம் நன்றாக இருக்கிறது.

ஒரே வீட்டில் மாடியிலும் கீழுமாகக் குடியிருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான் வாயைத் திறந்தபோது, "வீடு வேற, வேலை வேற. எதுவா இருந்தாலும் எழுத்துல குடு" என்று சொன்னது நீங்கள்தான். சொல்லிவிட்டு அம்மாவிடம், "அக்கா, இன்னும் கொஞ்சம் சோறு வை" என்றீர்கள். அங்கே மட்டும் அவள் அக்கா. ஆலையில் நீங்கள் மைக்கில் அவளைக் கூப்பிடுவது "நாலாம் மேஜை இடது பக்கம்" என்று. சரி, எழுத்தில் தருகிறேன்.

முதலில் அந்தப் படிவம். ஊழியர்களுக்குப் பிடித்த பாடகர்களையும் பாட்டுகளையும் கேட்டு, அதையே ஆலையில் ஒலிபரப்ப வேண்டும் என்று மேலிடம் சொன்னதாம். நல்ல யோசனை, குறை சொல்லவில்லை. ஆனால் படிவத்தைத் தமிழில் எழுதியது நீங்கள். உங்களுக்குச் சாதாரணமாக எழுத வராது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், கல்யாணப் பத்திரிகையிலேயே பார்த்தோம். "ஊழியர் பிடித்தம்: எல்லாக் காலத்துக்குமான பட்டியல்" என்று தலைப்புப் போட்டீர்கள். அதற்கு மேலே "இசை" என்று ஒரு வரி இருந்ததாக இப்போது சொல்கிறீர்கள். இருந்திருக்கலாம். நகல் எடுக்கிற மெஷின் அந்த வரியைத் தின்றுவிட்டது. எங்கள் கைக்கு வந்த தாளில், "உங்கள் முதல் பிடித்தம் எது? இரண்டாம் பிடித்தம் எது? மொத்தம் எத்தனை பிடித்தங்கள்?" என்று கேள்விகள், கீழே கையெழுத்துப் போட ஒரு கோடு, மூலையில் தலைகீழாக நிற்கிற அரிவாள் மாதிரி ஒரு படம். அது இசைக்குறி என்பது பிற்பாடு தெரிந்தது. அன்று அரிவாளாகத்தான் தெரிந்தது.

சம்பளச் சீட்டில் 'பிடித்தம்' என்ற கட்டத்தை மாதாமாதம் பார்க்கிற ஜனம் மாமா இது. சீருடைக்குப் பிடித்தம், கையுறைக்குப் பிடித்தம், கழிப்பறையில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் இருந்தால் பிடித்தம். வேறு விதமான பிடித்தமும் இருக்கிறது என்று இந்தக் கட்டடத்துக்குள் எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. பக்கத்து மேஜை நெட்டையக்கா தாளைப் படித்துவிட்டு மேஜைமேல் உட்கார்ந்தேவிட்டாள். "இத்தனை நாளா மாசத்துக்கு மாசம் பிடிச்சாங்க. இனிமே எல்லாக் காலத்துக்குமாம்டி! எதுல பிடிக்கணும்னு நம்மளையே எழுதிக் குடுக்கச் சொல்றானுங்க." உருளை இஸ்திரிக்காரர், "செத்தப்புறமும் பிடிப்பாங்களா?" என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். அதனால் நாற்பத்திரண்டு பேரும் யோசித்து, ஒருவரை ஒருவர் கலந்து, பதில் எழுதினோம். "எதுவும் வேண்டாம்." "சம்மதமில்லை." "ஏற்கெனவே பிடித்ததே போதும்." "மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள், பிடித்தம் தாங்காது." இஸ்திரிக்காரர் மட்டும், "முதலில் மேனேஜருக்குப் போடவும்" என்று எழுதினார்.

அதைப் படித்த எவனுக்கும் ஏதோ கோளாறு என்று புரிந்திருக்கும். மூன்று பிள்ளை இருந்தால் பாட்டுப் பிடிக்காதா? உங்கள் குழு உட்கார்ந்து பேசி, பிஸ்கட் சாப்பிட்டு, "ஊழியர்களுக்கு இசையில் ஈடுபாடு இல்லை, ஆகவே நிர்வாகமே தேர்ந்தெடுக்கும்" என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியது. அன்றைக்கே நெட்டையக்காவின் ரேடியோவை அலமாரியிலிருந்து இறக்கினீர்கள். கம்பியில் கட்டின ஆன்டெனா, பாதி நேரம் இரைச்சல். ஆனாலும் அதில் பாட்டு வரும், விளம்பரம் வரும், வானிலை வரும், செய்தி வரும். செய்தி நேரத்தில் எல்லோருடைய கையும் கொஞ்சம் மெதுவாகும். உலகத்தில் எங்கேயோ வெள்ளம் என்றால் எங்களுக்கு இங்கே பத்து நிமிஷம் ஓய்வு. கெட்ட எண்ணம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அதற்குப் பதிலாக நான்கு ஸ்பீக்கர், உங்களுடைய பத்துப் பாட்டு. பத்தும் ஒரே பாடகர் பாடியது, நீங்கள் 'எங்கண்ணன்' என்று சொல்வீர்களே, யாரை மாதிரி இருபது வருஷமாகத் தலை வாரிக்கொள்கிறீர்களோ, அவர். அதில் முதலாவது, ரயில் ஓடுகிற மாதிரி மேளம் அடிக்கிற பாட்டு. நீங்கள் மேலே விரலால் மேஜையில் தாளம் போட்டீர்கள். கீழே நாங்கள் எதால் போட்டோம் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியும். அம்மா இடுப்பில் குழந்தையாக என்னை வைத்துக்கொண்டு இங்கே வேலை தேடி வந்தபோது, நீங்களும் கூட வந்து மூன்று வருஷம் இதே நாலாம் மேஜையில் நின்றவர்தான். மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். உருளையிலிருந்து சுடச்சுட விரிப்பு வரும். ஆளுக்கு இரண்டு முனை. பின்னால் போய், ஒரு உதறு, மடித்து, எதிரெதிரே நடந்து, முனையைக் கைமாற்றி, மறுபடி மடித்து, அடுக்கு. கை தானாக மேளத்தோடு போகும். மனசு வேண்டாம் என்றாலும் கை போகும். ரேடியோவில் ஒரு பாட்டு ஆறு விரிப்பு நீளம். உங்கள் ரயில் பாட்டில் அதே நேரத்துக்குப் பத்து விரிப்பு.

எண்ணிக்கை எடுக்கிறவர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். பாவம், அவர் வாழ்க்கையில் கண்டுபிடித்தது இது ஒன்றுதான். மறுவாரமே உங்கள் பத்தில் இரண்டு காதல் பாட்டு போயிற்று. அடுத்து, நடுவில் புல்லாங்குழல் வருகிற மூன்று போயிற்று. அதற்கடுத்து இன்னும் மூன்று போயிற்று, மிஞ்சினதில் பாடகர் மூச்சு விடுகிற இடமெல்லாம் போயிற்று. இப்போது மிச்சம் இருப்பது ரயில் பாட்டும் அதன் தம்பி மாதிரி இன்னொன்றும். எல்லாக் காலத்துக்கும் என்றுதான் பட்டியல் போட்டீர்கள், ஐந்து வாரம் தாங்கவில்லை. உங்கள் அண்ணன் பாட்டையே கத்தரித்தபோதும் நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். அக்காவுக்காகப் பேசுவீர்கள் என்று அதற்கப்புறமும் எதிர்பார்த்தது என் தவறு.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் வலது கை காதுக்கு மேலே போகாது. இது உங்களுக்குத் தெரியும், வீட்டில் மேல் தட்டிலிருந்து டப்பா எடுக்க அவள் உங்களைத்தான் கூப்பிடுவாள். ரயில் பாட்டில் நாலாவது அடிக்கு உதற வேண்டும். நான் உதறுகிறேன், அவள் கை பாதியில் நிற்கிறது, விரிப்பு தரையில். விழுந்தால் மறுபடி சலவை, அவள் பெயருக்கு நேரே ஒரு சிவப்புக் கோடு. மூன்று கோடு சேர்ந்தால் அழுக்கு அறை. ஆஸ்பத்திரி விரிப்புகளை நின்றபடி பிரிக்கிற ஈர அறை. அங்கே போனவர்கள் யாரும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்ததில்லை, தானாகவே நின்றுவிடுவார்கள். வேலையை விட்டு அனுப்பினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. நல்ல ஏற்பாடு. அம்மாவுக்கு இரண்டு கோடு ஆகிவிட்டது. இரண்டாவது கோட்டின்போது நீங்கள் மைக்கில், "நாலாம் மேஜை இடது பக்கம், கவனம்!" என்றீர்கள். பின்னால் ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்காகத்தான் நாங்களே இன்னொரு பட்டியல் தயாரித்தோம். நான் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாகப் போனேன். "உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு எதுக்கா?" என்று நெட்டையக்காவிடம் கேட்டேன். "மெதுவா இருக்கணும்டி. அவ்வளவுதான்." "பாடறது யாரு?" "தாத்தா யாராச்சும் இருந்தா நல்லது. மூச்சு வாங்கிப் பாடுவான்." இஸ்திரிக்காரர், "நடுவுல ஒருத்தன் அழுவான் பாரு, அந்தப் பாட்டு. அவன் அழுதா மேளம் நிக்கும். எவ்வளவு நேரம் அழறானோ அவ்வளவு புண்ணியம்" என்றார். இன்னொருத்தி தாலாட்டு கேட்டாள், அதிலும் குழந்தை சீக்கிரம் தூங்காத தாலாட்டு. குரல், வரி, ராகம் என்று ஒருத்தரும் பேசவில்லை. பிடித்த பாட்டு எது என்று கேட்டால் எங்கே வலிக்காது என்று பதில் சொல்கிறார்கள். அம்மாவிடம் கேட்டதற்கு, "எனக்கு மோட்டார் சத்தமே போதும். உன் மாமனுக்குப் பிடிச்சதுதானே போடறான்? அவனுக்குப் பிடிச்சதை நான் என்னிக்கு வேணாம்னிருக்கேன்?" என்றாள். அதைப் பட்டியலில் எழுதவில்லை.

அந்தத் தாளை நீங்கள் படித்துவிட்டு, எல்லோர் முன்னாலும், "என்ன இது, அத்தனையும் ஒப்பாரி? இது ஆலையா, சாவு வீடா?" என்றீர்கள். "ரெண்டும் இல்ல மாமா, ரயில்வே ஸ்டேஷன்" என்றேன். அதற்குத்தான் எனக்கும் ஒரு சிவப்புக் கோடு.

ஆகவே பணிவாகக் கேட்டுக்கொள்வது: நெட்டையக்காவின் ரேடியோவைத் திருப்பிக் கொடுங்கள். முடியாதென்றால் மணிக்கு ஒரு பாட்டு, ஒன்றே ஒன்று, மனுஷர் மூச்சு விடுகிற வேகத்தில் போடுங்கள். அதுவும் முடியாதென்றால், கீழே இறங்கி வந்து, மெத்தையை மேலேயே விட்டுவிட்டு, ஒரே ஒரு ரயில் பாட்டுக்கு என் எதிரே நின்று உதறுங்கள். உங்கள் எல்லாக் காலத்துக்குமான பிடித்தம் எத்தனை காலம் தாங்குகிறது என்று பார்ப்போம்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் சின்ன மகள் பாட்டு வகுப்பில் சேர்ந்திருக்கிறாளாம், நன்றாக வரட்டும், மெதுவாக வரட்டும். உங்கள் உடம்பையும் தோளையும் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
நாலாம் மேஜை வலது பக்கம்

பி.கு.: இதை எழுதி மூன்று நாள் சீருடைப் பையில் வைத்திருந்தேன். அதற்குள் நீங்கள் என்னை மேலே கூப்பிட்டீர்கள். பாட்டுப் போடுகிற வேலைக்கு ஆள் தேவை, படித்த பெண் நீதான், ஒத்துக்கொண்டால் அம்மாவை உட்கார்ந்து செய்கிற கிழிசல் தைக்கும் மேஜைக்கு மாற்றலாம் என்றீர்கள். பாட்டை நானே தேர்ந்தெடுக்கலாம், வேகம் மட்டும் ரயில் பாட்டுக்குக் கீழே போகக் கூடாது என்றீர்கள். நீங்கள் சொல்லி முடிப்பதற்கு முன்பே சரி என்றேன். அம்மா நேற்றிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். நாலாம் மேஜையில் இப்போது நெட்டையக்காவும் ஒரு புதுப்பெண்ணும். நேற்று மதியம் நெட்டையக்காவின் கையிலிருந்து விரிப்பு விழுந்தது. நிமிர்ந்து கண்ணாடி அறையைப் பார்த்தாள், உள்ளே நான் பாட்டுப் பொத்தானைப் பார்த்தேன். என் பட்டியல் இன்றைக்கே எழுத்தில் வேண்டும் என்கிறீர்கள். வேறு தாள் இல்லாததால் இதன் அடியிலேயே எழுதித் தருகிறேன். மேலே இருப்பதை யாரோ எழுதியதாகக் கொண்டு கிழித்துவிடவும். முதல் பிடித்தம்: ரயில் பாட்டு. இரண்டாம் பிடித்தம்: ரயில் பாட்டு. மொத்தப் பிடித்தங்கள்: ஒன்று. உட்கார்ந்து கேட்டால் நல்ல பாட்டுதான் மாமா.